கடாரத்தின் கரையில் ஒரு பாக்குத் தீவு: பினாங்கில் என்ன பார்ப்பது, என்ன உண்பது?

மலேசியாவுக்குச் செல்லும் இந்தியப் பயணிகளில் பெரும்பாலானோரின் பாதை ஒன்றுதான். கோலாலம்பூரில் இறங்கி, இரட்டைக் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, பத்துமலை முருகனை வணங்கி, கெந்திங் மலையில் ஒரு பகலைக் கழித்துவிட்டுத் திரும்புகின்றனர். நாட்டின் வடமேற்குக் கரையில் உள்ள பினாங்குத் தீவு பட்டியலில் இடம்பெற்றாலும், அதற்கு ஒரு நாளுக்கு மேல் ஒதுக்குவோர் குறைவு. உணவுக்காகவும் பழைய நகருக்காகவும் மலேசியர்களே விடுமுறை நாள்களில் கூட்டமாகச் செல்லும் இடம் அது என்பதை அறியும்போது, அந்த ஒரு நாள் போதாது என்பது புரியும்.

இந்தியக் குடிமக்கள் விசா இன்றி 30 நாள்கள் வரை தங்கும் சலுகையை மலேசிய அரசு 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. பின்னர் அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமான சேவையும் தொடங்கியதால், கோலாலம்பூரில் இறங்கி மாறிச் செல்ல வேண்டிய கட்டாயம் நீங்கியது. பயணம் ஏறத்தாழ 4 மணி நேரம். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே செல்வது.

விசா இல்லை என்பதால் ஆவணமே தேவையில்லை என்று பொருள் அல்ல. நாட்டில் நுழைவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவாயினும் அது குடிநுழைவுத் துறையின் தளம் அல்ல என்று கொள்ளலாம். கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிட முன்பதிவும் கையில் இருப்பது நல்லது. வெளிநாட்டினர் விடுதி அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகச் செலுத்த வேண்டும் என்பதை முன்பதிவுத் தளங்கள் பல நேரம் சிறிய எழுத்தில்தான் காட்டுகின்றன. பினாங்கு மாநிலம் வசூலிக்கும் சிறு தொகை ஒன்றும் அதனுடன் சேரும்.

பாக்கு மரம் தந்த பெயர்

மலாய் மொழியில் 'புலாவ்' என்றால் தீவு. 'பினாங்' என்றால் பாக்கு. பாக்கு மரங்கள் நிறைந்த தீவு என்பதே பெயரின் பொருள். கெடா சுல்தானின் ஆட்சிப் பகுதியாக இருந்த இத்தீவில் 1786ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இறங்கினார். வங்காள விரிகுடாவுக்கும் சீனாவுக்கும் இடைப்பட்ட கடல்வழியில் கம்பெனிக்கு ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. ஜார்ஜ் டவுன் என்று பெயரிடப்பட்ட அந்தத் துறைமுக நகரில் சீனர், மலாய்க்காரர், அச்சே வணிகர், அர்மீனியர், சயாமியர், பர்மியர் எனப் பலரும் குடியேறினர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களும் தொடக்க காலத்திலேயே அங்கே இருந்தனர். அவர்களைக் குறித்த 'சூலியா' என்ற பெயர் இன்றும் நகரின் முதன்மையான தெரு ஒன்றில் நிலைத்திருக்கிறது. அது 'சோழ' என்ற சொல்லின் திரிபு என்பது பொதுவான கருத்து.

பிற்காலத்தில் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை சென்ற 'ரஜூலா', 'சிதம்பரம்' ஆகிய கப்பல்களைத் தமிழகத்தின் கடலோர மாவட்டங்களில் முதியோர் இன்னமும் நினைவுகூர்வர்.

தோளில் ஏறி வந்த சோறு

பினாங்கின் பெயரைச் சொன்னதும் மலேசியர்களின் நினைவுக்கு வருவது 'நாசி கண்டார்'. நாசி என்றால் சோறு. கண்டார் என்பது இரு முனைகளிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளில் தாங்கும் கழி. ஒரு முனையில் சோற்றுக் கூடையும் மறு முனையில் குழம்புப் பானையுமாகத் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துறைமுகத் தொழிலாளர்களைத் தேடிச் சென்று விற்ற உணவு இது. கழி மறைந்து கடைகள் வந்துவிட்டன. பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த உணவின் சுவை ஏதோ ஒரு குழம்பில் இல்லை. குழம்புகள் ஒன்றோடொன்று கலப்பதில் இருக்கிறது. சோற்றை வாங்கியதும் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, இறைச்சிக் குழம்பு, பருப்பு என ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி ஊற்றச் சொல்வது உள்ளூர் வழக்கம். 'கூவா சம்போர்' என்றால் கலந்த குழம்பு. 'பஞ்சிர்' என்றால் வெள்ளம். சோறு மூழ்கும் அளவுக்குக் குழம்பு வேண்டுவோர் இரண்டாவது சொல்லைப் பயன்படுத்துகின்றனர். தென் மாவட்டச் சமையலை அறிந்தவருக்கு ஒவ்வொரு குழம்பின் மசாலாவும் பழக்கமானதாகத் தோன்றும். அவை ஒரே தட்டில் சேர்ந்து தரும் சுவை பழக்கமானதாக இராது. மீன் குழம்புக்குள் இறைச்சிக் குழம்பை ஊற்றுவது நம் வீடுகளில் நடக்காத காரியம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நாசி கண்டார் கடைகளில் தட்டில் வைத்த பொருள்களைப் பார்த்து இறுதியில்தான் விலை சொல்லப்படும். பெரிய இறால், கணவாய், மீன் தலை, மீன் முட்டை ஆகியவை எதிர்பாராத தொகையைக் கொண்டுவந்து சேர்க்கும். இதனால் எழும் விலைப் புகார்கள் மலேசிய நாளிதழ்களில் அவ்வப்போது செய்தியாகின்றன. எடுப்பதற்கு முன்பே விலையைக் கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. ஒரு கோழித் துண்டு, ஒரு காய், கலந்த குழம்பு என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் இதைவிட மலிவான நிறைவான உணவு நகரில் அரிது.

இத்தகைய கடைகளை 'மாமாக்' கடை என்று நாடு முழுவதும் அழைக்கின்றனர். தமிழின் 'மாமா'தான் அந்தச் சொல்லின் வேர். அதே கடைகளில் கிடைக்கும் 'ரொட்டி சானாய்' நம் பரோட்டாவின் நெருங்கிய உறவு. சானாய் என்பது சென்னையைக் குறிக்கிறது என்று ஒரு சாராரும், மாவைத் தட்டிப் பரப்புவதைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர், வழக்கு முடிந்தபாடில்லை. நம் ஊரில் ஆற்றிக் கொடுக்கும் தேநீர் அங்கே 'தே தாரெக்', அதாவது இழுத்த தேநீர். சுண்டக் காய்ச்சிய இனிப்புப் பால் சேர்ப்பதால் இனிப்பு தூக்கலாக இருக்கும். 'கூராங் மானிஸ்' என்றால் இனிப்பைக் குறைப்பர். 'தே ஓ' என்றால் பால் சேர்க்கமாட்டார்கள். நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரெக் ஆகியவற்றை மையமாகக் கொண்ட மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தனது உருவமற்ற பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

புளியும் நெருப்பும்

சீனர்களின் பங்களிப்பு இன்னொரு பெரிய உலகம். 'சார் குவே தியாவ்' என்பது தட்டையான அரிசி நூடுல்ஸை இறால், சிப்பிச் சதை, முட்டை, முளைகட்டிய பயறு ஆகியவற்றுடன் கடும் தீயில் புரட்டி எடுக்கும் உணவு. பழைய கடைகள் சில இன்னமும் கரி அடுப்பையே நம்புகின்றன. ஒரு முறைக்கு ஒரு தட்டுதான் வறுக்கப்படும் என்பதால் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குப் பொருள் உண்டு. ஒரே இரும்புச் சட்டியில் நான்கு பேருக்குச் சேர்த்து வறுக்கும் கடையில் தீயின் மணம் நூடுல்ஸில் ஏறாது. பல சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்க்கப்படுகிறது என்பதை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

'அசாம் லக்சா' முதல் வாயில் திகைப்பூட்டுவது. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்த புளிப்புக் குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ் மிதக்கும். மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, ஒருவகை இஞ்சிப் பூவின் மொட்டு ஆகியவை நறுக்கித் தூவப்படும். புளியுடன் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த காய்ந்த துண்டுகளும் சேர்கின்றன. இறுதியாக ஒரு கரண்டி கறுத்த இனிப்பு இறால் விழுது. தேங்காய்ப்பால் சேர்க்கும் மற்ற ஊர் லக்சாக்களுக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு. 2011ஆம் ஆண்டு சிஎன்என் பயணத் தளம் வெளியிட்ட உலகின் சிறந்த 50 உணவுகளின் பட்டியலில் இது 7ஆம் இடம் பெற்றது. புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு இரண்டாவது கரண்டியிலிருந்து இது பிடித்துப்போக நல்ல வாய்ப்பு உள்ளது; இறால் விழுதின் மணம் பிடிக்காதவர் அதை மட்டும் தவிர்க்கச் சொல்லலாம்.

வெயில் தணிய 'செண்டோல்' உண்டு. பச்சை நிற மாவுத் துண்டுகள், தேங்காய்ப்பால், பனை வெல்லப் பாகு, சிவப்புக் காராமணி, துருவிய பனிக்கட்டி. பினாங்கு சாலையை ஒட்டிய குறுகிய சந்து ஒன்றில் இதற்காகப் பகல் முழுவதும் வரிசை நிற்கும். சாதிக்காய்ச் சாறும் இத்தீவின் தனிச்சிறப்பு. கம்பெனிக் காலத்தில் மசாலாத் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட சாதிக்காய், தீவின் மேற்குப் பகுதியான பாலிக் புலாவில் இன்றும் விளைகிறது. அதே பகுதி துரியான் பழத்துக்கும் பெயர் பெற்றது. ஜூன், ஜூலை மாதங்கள் நல்ல பருவம். மணம் காரணமாகப் பெரும்பாலான விடுதிகள் துரியானை உள்ளே அனுமதிப்பதில்லை. மீறினால் அபராதம் உண்டு. சாலையோரத்திலேயே அமர்ந்து உண்டுவிட்டு வருவதே வழி.

'ஆப்போம்' என்ற பெயரில் விற்கப்படும் ஆப்பத்தையும், 'புத்து மாயாம்' என்ற பெயரில் தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தூவிய இடியாப்பத்தையும் காணும்போது தமிழ்ப் பயணிகளின் முகத்தில் புன்னகை தோன்றும். 'பசெம்பூர்' இன்னொரு தமிழ் முஸ்லிம் படைப்பு: நறுக்கிய வெள்ளரி, கிழங்கு, பொரித்த மாவுப் பண்டங்கள் ஆகியவற்றின் மேல் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்த காரமும் இனிப்புமான குழம்பை ஊற்றித் தருகின்றனர்.

சைவ உணவினருக்குச் சில சொற்கள்

பினாங்கில் சைவ உணவு கிடைக்காது என்ற அச்சம் தேவையற்றது. ஆனால் 'காய்கறிதானே' என்ற நம்பிக்கை ஆபத்தானது. கீரை வதக்கலில்கூட 'பெலாச்சான்' என்ற இறால் விழுது சேர்வது மலாய்ச் சமையலின் இயல்பு. 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் மீனும் இறாலும் விலக்கப்படும் என்று சமையலாளர் எடுத்துக்கொள்வதில்லை; ஒவ்வொன்றையும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

அதற்குச் சில மலாய்ச் சொற்கள் போதும். ஆயாம் கோழி, காம்பிங் ஆடு, ஈக்கான் மீன், ஊடாங் இறால், தெலூர் முட்டை, பாபி பன்றி, சாயூர் காய்கறி. இவற்றுள் கவனமாக நினைவில் கொள்ள வேண்டியது 'டாகிங்'. அகராதியில் அது இறைச்சி என்ற பொதுச்சொல். உணவுப் பட்டியலிலோ பெரும்பாலும் மாட்டிறைச்சியையே குறிக்கும். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் நாசி கண்டார் கடையில் கலந்த குழம்பு கேட்கும்போது, இறைச்சிக் குழம்பை விட்டுவிடச் சொல்ல வேண்டும்.

லிட்டில் இந்தியா எனப்படும் மார்க்கெட் தெரு, பினாங்குத் தெருப் பகுதியில் வாழையிலைச் சாப்பாடும் தோசை வகைகளும் எளிதாகக் கிடைக்கின்றன. சீனப் பௌத்தர்களின் சைவ உணவகங்கள் மற்றொரு வழி. அவற்றில் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை என்பதால் சமணப் பயணிகளுக்கும் பொருந்தும். பொதுவாக செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வரும் ஒன்பது பேரரசர் தெய்வ விழாவின் 9 நாள்களிலும் சீனர்கள் பலர் சைவ விரதம் இருக்கின்றனர். அப்போது மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் தெருவெங்கும் முளைக்கும். சார் குவே தியாவ் முதல் லக்சா வரை எல்லாம் சைவ வடிவில் கிடைக்கும் காலம் அது. தீவின் உணவு முழுவதையும் சுவைக்க விரும்பும் சைவ உணவினர் அந்த நாள்களைக் கணக்கிட்டுச் செல்வது புத்திசாலித்தனம்.

தெருவோர உணவு மையங்களில் நடைமுறை எளிது. முதலில் மேசையைப் பிடித்து, அதன் எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லி, வெவ்வேறு கடைகளில் வெவ்வேறு உணவுகளைக் கேட்டுவிட்டு அமர்ந்தால் உணவு மேசைக்கு வரும். உணவு வந்ததும் பணம். ஏதேனும் ஒரு பானம் வாங்குவது மரியாதையாகக் கருதப்படுகிறது. ஒரு தட்டு பொதுவாக 6 முதல் 12 ரிங்கிட் வரை. ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 20 ரூபாயை ஒட்டியே நிற்கிறது. சில்லறை நோட்டுகள் கைவசம் இருக்கட்டும். உணவகங்களில் புகைபிடிக்க 2019 முதல் தடை உள்ளது.

அஞ்சடியில் ஒரு நடை

ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. கீழே கடையும் மேலே வீடுமாக நெருக்கமாக நிற்கும் கடைவீடுகளே இந்நகரின் உயிர். அவற்றின் முன்னால் தொடரும் கூரையிட்ட நடைபாதையை அங்குள்ள தமிழர்கள் 'அஞ்சடி' என்கின்றனர். ஐந்தடி அகலம் என்ற பழைய விதியிலிருந்து வந்த பெயர்.

நடையைத் தொடங்க ஏற்ற இடம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெரு. 1801இல் தமிழ் முஸ்லிம் தலைவர் ஒருவரால் நிறுவப்பட்ட பள்ளிவாசல், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், 1818இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம் ஆகியவை இங்கே சில நிமிட நடைத் தொலைவுக்குள் அமைந்துள்ளன. சூலியா தெருவில் நாகூர் தர்காவின் பெயரிலேயே ஒரு சிறு தர்காவும் உண்டு. கூ குலத்தாரின் மண்டபமான கூ கோங்சி 1901இல் தீக்கிரையாகி, 1906இல் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் மரச்செதுக்கு வேலைப்பாட்டைப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். கடல்மேல் மரக்கால்களில் நிற்கும் சீனக் குலத்தாரின் துறைக் குடியிருப்புகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. திறந்த கதவுகளுக்குள் கேமராவை நீட்டும் பயணிகளால் அவர்கள் படும் தொல்லை, அங்கு ஒட்டப்பட்டுள்ள அறிவிப்புகளிலேயே தெரியும்.

2012இல் லிதுவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சுவரோவியங்கள் நகரின் முகத்தை மாற்றின. அர்மீனியத் தெருவில், உண்மையான சைக்கிளின் மேல் இரு குழந்தைகள் அமர்ந்திருப்பதுபோல் தோன்றும் ஓவியத்தின் முன் படம் எடுக்க வரிசை நிற்கிறது. உண்மையில் அந்தத் தெருவில் பார்க்க வேண்டியது ஓவியத்தைச் சுற்றியுள்ள வீடுகளையே.

அந்த வீடுகளின் கதை அவ்வளவு இனிமையானதன்று. பழைய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு விதித்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டுப்பாடு நீங்கியது. மிகக் குறைந்த வாடகையில் தலைமுறைகளாக வாழ்ந்த கூடை முடைவோர், பெயர்ப்பலகை செதுக்குவோர், ஊதுவத்தி செய்வோர், சிறு உணவு வணிகர் ஆகியோரில் பலர் வெளியேற நேர்ந்தது. காலியான சில வீடுகள் பறவைக் கூடு வணிகத்துக்காக உழவாரக் குருவி வளர்க்கும் இருட்டறைகளாகவே மாறின. மாநில அரசு பின்னர் அவற்றை நகரிலிருந்து அகற்றியது. யுனெஸ்கோ அங்கீகாரம் இடிப்பைத் தடுத்தது. ஆனால் அதுவே நில மதிப்பை உயர்த்தி, வீடுகளைச் சிறு ஆடம்பர விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் மாற்றியது. சுவர்கள் காக்கப்பட்டன, அவற்றுக்குள் வாழ்ந்தவர்கள் குறைந்தனர். பயணிகள் எங்கே தங்குகிறார்கள், எங்கே உண்கிறார்கள் என்பது இந்நகரில் வெறும் விருப்பம் சார்ந்த செய்தியாக இல்லாமல் போனது இப்படித்தான்.

உணவுக் கடைகளும் இதே நெருக்கடியில்தான் உள்ளன. கரி அடுப்பின் முன் நாளெல்லாம் நிற்கும் தொழிலுக்குப் படித்த பிள்ளைகள் வரத் தயங்குகின்றனர். பல புகழ்பெற்ற கடைகளில் சட்டியைப் பிடித்திருப்பவர் முதியவரே. இடத்தை நிரப்ப வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தபோது, உள்ளூர்ச் சுவை அழியும் என்று கூறி, தெருவோரக் கடைகளில் அவர்கள் முதன்மைச் சமையலாளராக இருப்பதை மாநில அரசு 2016 முதல் தடை செய்தது. புலம்பெயர்ந்தோர் தோளில் சுமந்து வந்து உருவாக்கிய உணவுக்கு இத்தகைய வேலி பொருந்துமா என்ற கேள்வியை விமர்சகர்கள் எழுப்பினர். சுவையைக் காக்க வேறு வழி என்ன என்று ஆதரவாளர்கள் திருப்பிக் கேட்டனர். மிச்செலின் உணவு வழிகாட்டி பினாங்கை உள்ளடக்கிய தனது முதல் பதிப்பை 2022 டிசம்பரில் வெளியிட்ட பின், பட்டியலில் இடம்பெற்ற கடைகளின் முன் வரிசை நீண்டது. அடுத்த கடையில் அதே உணவைச் செய்யும் முதியவரின் முன்னால் நாற்காலிகள் காலியாக இருப்பதும் உண்டு. பட்டியலைப் பார்த்து ஒரு கடை, உள்ளூர்க்காரரைக் கேட்டு ஒரு கடை என்று பிரித்துக்கொள்வது வயிற்றுக்கும் ஊருக்கும் நல்லது.

மலை, கோயில், கடல்

நகரின் வெப்பத்திலிருந்து தப்ப 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலை உதவும். 1923 முதல் இயங்கும் கம்பிவட ரயில் சில நிமிடங்களில் உச்சிக்கு ஏற்றிவிடும். அங்கே வெப்பம் சுமார் 5 டிகிரி குறைவு. உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே நிற்கின்றன. வார இறுதியில் பகல் நேரத்தில் சென்றால் மலையில் இருப்பதைவிட வரிசையில் இருக்கும் நேரம் அதிகமாகும். காலை 7 மணிக்கு முன்பே சென்றுவிடுவது நல்லது.

மலையடிவார ஊரான ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி, நாட்டின் மிகப் பெரிய பௌத்தக் கோயில்களுள் ஒன்று. 1930இல் நிறைவுற்ற அதன் ஏழடுக்குக் கோபுரத்தின் அடிப்பகுதி சீன பாணியிலும், நடுப்பகுதி சயாமிய பாணியிலும், உச்சி பர்மிய பாணியிலும் அமைந்தது. அருகே 30 மீட்டருக்கு மேல் உயரமான குவான் யின் வெண்கலச் சிலை உள்ளது. அடிவாரத்தில் அசாம் லக்சா கடைகள் உள்ளன என்பதால் படியேறும் களைப்பு வீண்போகாது.

தைப்பூசத்தின்போது செல்வோர் வேறொரு பினாங்கைக் காண்பர். 1894இல் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த நகரத்தாரின் வெள்ளி ரதம், பினாங்குத் தெருவின் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைப் பகுதி நோக்கிப் புறப்படும். வழியெங்கும் மலைபோல் குவித்த தேங்காய்களை உடைப்பவர்களில் சீனர்களும் பெருமளவில் உண்டு. அந்த நாள்களில் விடுதி அறைகள் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும்.

பத்து ஃபெரிங்கி கடற்கரை பெயர் பெற்றதே ஆயினும், நீந்துவதற்காக மட்டும் பினாங்கு செல்வோர் ஏமாறுவர். நீர் கலங்கலானது, இழுதுமீன் தொல்லையும் உண்டு. தெளிந்த கடல் வேண்டுவோருக்கு லங்காவி பொருத்தம். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைவு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை அதிகம். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் சில ஆண்டுகளில் சுமத்ராவின் காட்டுத் தீப் புகை வானை மூடுவதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் காற்றின் தரத்தைப் பார்த்துப் புறப்பட வேண்டும்.

கடாரத்துக்கு ஒரு பகல்

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வருவோர் சுமார் 4 மணி நேரத்தில் பட்டர்வொர்த் வந்து, படகில் தீவுக்குச் செல்லலாம். பாலம் இருந்தும் படகைப் பரிந்துரைக்கக் காரணம், கடலிலிருந்து ஜார்ஜ் டவுனைப் பார்க்கும் காட்சி.

பட்டர்வொர்த்துக்கு வடக்கே, காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற கடாரம் இந்தக் கெடாதான் என்பது ஆய்வாளர்களின் பரவலான முடிவு. சோழர் வருகைக்கு முன்பே அது இந்து, பௌத்த வணிகர்கள் கூடிய துறைமுகப் பகுதியாக இருந்தது. ஜெராய் மலையின் அடிவாரத்தில் மெர்போக் என்ற இடத்தில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தின் வளாகத்தில், சண்டி புக்கிட் பத்து பகாட் என்ற கற்கோயிலின் அடித்தளம் ஓடைக்கரையில் மறுசீரமைக்கப்பட்டு நிற்கிறது. அங்கோர், பொரோபுதூர் போன்ற பிரமாண்டத்தை எதிர்பார்ப்போருக்கு இது சிறியதாகத் தோன்றலாம். கல்லும் மரத்தூண் குழிகளுமே மிச்சம்.

இப்பகுதியில் கண்டறியப்பட்ட தொல்லியல் சின்னங்கள் அனைத்தும் அருங்காட்சியக வேலிக்குள் இல்லை. தனியார் நிலத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது 2013 டிசம்பரில் வெளியே தெரிந்து, மலேசியா முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான அந்தச் சின்னம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருக்கவில்லை என்பதும் அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது. அருங்காட்சியகத்துக்குப் பொதுப் போக்குவரத்து வசதி குறைவு. பினாங்கிலிருந்து வாடகைக் காரில் காலையில் புறப்பட்டால், பிற்பகல் தேநீருக்குள் ஜார்ஜ் டவுன் திரும்பிவிடலாம்.